இலங்கையில் ஒரு குண்டூசிகூடச் செய்வதில்லையா?

வெள்ளவத்தையில் உயர்தர வணிகப் பிரிவில் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: “புறக்கோட்டையில் எந்தக் கடைக்குப் போனாலும் சீனப் பொருள், இந்தியப் பொருள்தான். இங்கே ஒரு குண்டூசிகூடச் செய்வதில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியானால் இலங்கையில் உற்பத்தித் தொழில் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? படித்துவிட்டு அந்தப் பக்கம் வேலைக்குப் போக நினைப்பது முட்டாள்தனமா?”

முதலில் நேரடியான பதில். இருக்கிறது, நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாகவே இருக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி கடைத் தட்டில் கண்ணுக்குப் படாது. அதோடு அதன் நடுவில் ஒரு பெரிய இடைவெளியும் இருக்கிறது. நம் தொழிற்சாலைகள் அடிக்கடி தடுமாறுவது அந்த இடைவெளியால்தான். தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள் வாங்கிக் கொடுக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். அந்தப் பக்கத்தில் நின்றே விளக்குகிறேன்.

குண்டூசியை அளவுகோலாக வைப்பதில் சிக்கல் இருக்கிறது. நாளைக்கே இரத்மலானையில் ஒருவர் குண்டூசித் தொழிற்சாலை திறக்கிறார் என்று வையுங்கள். ஊசிக்கு மெல்லிய உருக்குக் கம்பி வேண்டும். இரும்புத் தாதை உருக்கி உருக்கு எடுக்கும் ஆலை இலங்கையில் கிடையாது. இங்குள்ள உருக்கு ஆலைகள் பழைய இரும்பையோ இறக்குமதி செய்த உருக்குக் கட்டிகளையோ கொண்டு பெரும்பாலும் கட்டடக் கம்பிதான் உருட்டுகின்றன. ஆக, கம்பிச் சுருள் கப்பலில் வரும். அதை வெட்டி, நுனி தீட்டி, தலை அடிக்கும் மெஷினும் கப்பலில் வரும். துரு ஏறாமல் இருக்கப் பூசும் நிக்கலும் அப்படியே. அந்த மெஷின் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 2.2 கோடிப் பேர் வாழும் நாட்டின் தேவை சீக்கிரமே தீர்ந்துவிடும். மீதி நேரம் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் மெஷினின் வங்கிக் கடனையும் குண்டூசியின் விலையில்தான் ஏற்ற வேண்டும். சீனாவிலோ அதே மாதிரி மெஷின் பல நாடுகளின் தேவைக்காக இரவு பகலாக ஓடும். விலை வித்தியாசம் பிறக்கும் இடம் இது. நம் ஆட்களுக்குத் திறமை போதாது என்ற பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் ஒரு பொருளைக் கையில் எடுத்து ‘இது நம்முடையதா, வெளிநாட்டுடையதா’ என்று பார்ப்பதில் அதிகம் தெரியவராது. அதில் எந்த எந்தப் படி இங்கே நடந்திருக்கிறது என்று பாருங்கள். மத்திய வங்கி இறக்குமதியை மூன்றாகப் பிரித்துத்தான் கணக்கு வைக்கிறது: நுகர்வுப் பொருட்கள், இடைநிலைப் பொருட்கள், முதலீட்டுப் பொருட்கள். இதில் பாதிக்கு மேல் இடைநிலைப் பொருட்கள்தான். எரிபொருள், துணி, இரசாயனங்கள், பிளாஸ்டிக் மணிகள், கோதுமை, காகிதம் எல்லாம் அதற்குள் அடங்கும். அதாவது கொழும்புத் துறைமுகத்தில் நமக்காக இறங்கும் சரக்கில் பெரும்பங்கு நேராகக் கடைக்குப் போவதில்லை. இங்கே வேறொன்றாக மாறுவதற்காகத்தான் வருகிறது.

உங்கள் மேசையில் இருக்கும் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் உள்ளூர் நிறுவனத்தின் பெயர் இருக்கும். கோடு போட்டது, மடித்தது, தைத்தது, வெட்டியது எல்லாம் கொழும்பிலோ அதைச் சுற்றியோ நடந்த வேலை. அதில் நிறையப் பேருக்குச் சம்பளம் இருக்கிறது. ஆனால் காகிதம் ராட்சத ரீல்களாக வெளிநாட்டில் இருந்து வந்தது. மை வந்தது. தைக்கும் கம்பி வந்தது. அட்டைக்கு மேல் ஒட்டிய பளபளப்பான படலமும் வந்தது. டொலர் இருக்கும் வரை இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடும். 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் காகிதமும் மையும் இல்லாமல் தள்ளிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் அந்தப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அச்சகங்கள் இருந்தன, மெஷின்கள் இருந்தன, வேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். நடுவில் வர வேண்டிய ஒன்று வரவில்லை. டொலர் இல்லாததால் வங்கிகளால் எல்சி (இறக்குமதிக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த மாதங்களில் மூலப்பொருள் வாங்கும் மேசையில் இருந்த யாருக்கும் அது மறக்காது.

இந்த நடுப்பகுதி எப்போதும் வெறுமையாகத்தான் இருந்ததா என்றால், இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த வரலாற்றில் முக்கியமான ஒரு பகுதி வடக்கிலும் கிழக்கிலும் நடந்தது. காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது; யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்தான் அதற்கு அடிப்படை. ஆனையிறவில் உப்பு விளைந்தது. அதற்குப் பக்கத்திலேயே பரந்தனில் 1950களில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடாவும் மறுபக்கம் குளோரினும் கிடைக்கும். சவர்க்காரம் செய்யக் காஸ்டிக் சோடா வேண்டும், குடிநீரைச் சுத்திகரிக்கக் குளோரின் வேண்டும். அதே 1950களில் வாழைச்சேனையில் காகித ஆலை வந்தது. அங்கே மூலப்பொருள் நெல் வயலில் மிஞ்சும் வைக்கோல். வைக்கோலைக் கூழாக்கக் காஸ்டிக் சோடா வேண்டும், கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும். உப்பில் தொடங்கி இரசாயனம் வழியாக, பள்ளிக்கூடத்துக் கொப்பி வரைக்கும் போகக்கூடிய ஒரு தொடர் இந்த மண்ணிலேயே இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமையும் கூடவே ஒரு வலியும் வரும்.

அது ஏன் நிலைக்கவில்லை? ஒரே காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது, பழைய மெஷின்களோடும் அரசியல் நியமனங்களோடும் இருந்த அரசுக் கூட்டுத்தாபனங்களால் விலையில் போட்டி போட முடியவில்லை. அது நாடு முழுவதும் நடந்தது. வடக்கு கிழக்கில் அதற்கு மேல் போரும் வந்தது. காங்கேசன்துறை 1990இல் நின்றது, பரந்தன் இடிபாடாகிப் போனது. தெற்கில் நட்டத்தில் ஓடிய ஆலைகளில் சில தனியார் கைக்குப் போய்ப் பிழைத்தன. வடக்கில் அந்த வாய்ப்பே வரவில்லை.

கொழும்பிலும் ஒரு சாட்சி இருக்கிறது, அதுவும் உங்கள் ஊரிலேயே. ஹவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் நிற்கும் காணியில்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கிய இடம் அது. அந்த ஆலை போனது. நாட்டின் மிகப் பெரிய ஏற்றுமதித் தொழிலாக ஆடைத் தொழில் வளர்ந்தபோது, அதற்கு வேண்டிய துணி வெளியில் இருந்துதான் வந்தது.

ஆடைத் தொழிலைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘இங்கே ஒன்றும் செய்வதில்லை’ என்பதற்கு மிகப் பலமான மறுப்பும் அதுதான், நான் சொல்லும் இடைவெளிக்கு மிகத் தெளிவான உதாரணமும் அதுதான். 1978இல் கட்டுநாயக்கவில் முதல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. அன்று பணக்கார நாடுகள் எந்த நாட்டில் இருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று கோட்டா வைத்திருந்தன. மற்ற நாடுகளின் கோட்டா நிரம்பியதால் முதலீட்டாளர்கள் இங்கே வந்தார்கள். 2005 தொடக்கத்தில் கோட்டா முறை முடிந்தது. இத்தோடு நம் கார்மெண்ட் கதை முடிந்தது என்று அப்போது பலரும் சொன்னார்கள். முடியவில்லை. மலிவான சட்டையில் பங்களாதேஷோடு மோதாமல் உள்ளாடை, விளையாட்டு உடை, நீச்சல் உடை என்று நுணுக்கமான வேலைக்கு நம் நிறுவனங்கள் நகர்ந்தன. எம்.ஏ.எஸ்., பிரெண்டிக்ஸ், ஹிர்தராமணி போன்ற பெயர்களை உலகின் பெரிய பிராண்டுகள் எல்லாம் அறியும். இன்றைக்கும் நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய நாற்பது வீதம் ஆடையில் இருந்துதான் வருகிறது. மலையகத்தில் இருந்தும் வடக்கு கிழக்கில் இருந்தும் வந்து அந்த மெஷின்களில் இருக்கும் பெண் பிள்ளைகளின் கை நுட்பத்தை நேரில் பார்த்த யாரும் ‘இங்கே ஒன்றும் செய்வதில்லை’ என்று பேச மாட்டார்கள். அவர்களுடைய சம்பளமும் விடுதி வசதியும் அந்த நுட்பத்துக்கு ஈடாக இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, துணி? பின்னல் துணி செய்யும் நல்ல ஆலைகள் இங்கே இருக்கின்றன. அவிசாவளை, பியகம பக்கம் போனால் பார்க்கலாம். நெய்த துணி பெரும்பாலும் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்து வருகிறது. இதனால் நேரடியாகவே ஒரு நட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையை இலங்கை 2010இல் இழந்து 2017இல் மீண்டும் பெற்றது. அந்தச் சலுகையில் வரியில்லாமல் ஓர் ஆடை உள்ளே போக வேண்டுமானால் தைத்தது மட்டும் இங்கே நடந்திருந்தால் போதாது; துணியும் இங்கேயோ, சில நிபந்தனைகளோடு அயல் நாடுகளிலோ உருவாகியிருக்க வேண்டும். சீனத் துணியில் இங்கே தைத்த சட்டை, சலுகை கையில் இருந்தும் வரி கட்டியே உள்ளே போகிறது. நடுப்படி இல்லாததன் விலை இது.

நடுப்படி நம் கையில் இருக்கும் தொழில்களும் உண்டு, அவை நன்றாகவும் நிற்கின்றன. தேங்காய்ச் சிரட்டை அதில் எனக்கு மிகப் பிடித்தது. சிரட்டையை முதலில் கரியாக்குவார்கள். பிறகு அந்தக் கரியை 900 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் நீராவியில் வேகவிட்டால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகும். ஒரே ஒரு கிராமில் அந்தத் துளைகளின் பரப்பை விரித்துப் பார்த்தால் சுமார் ஆயிரம் சதுர மீட்டர் வரும். குடிநீர் வடிகட்டியிலும் வாயு முகமூடியிலும் இருப்பது இந்தக் கிளர்வூட்டிய கரிதான். தங்கச் சுரங்கங்களில் கரைசலில் கலந்திருக்கும் தங்கத்தைப் பிடித்து எடுப்பதும் இதுதான். 1973இல் தொடங்கிய ஹேகார்ப் இந்தத் தொழிலில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று. கொழும்பில் ஒரு சம்பல் அரைத்துவிட்டு எறியும் சிரட்டைக்கு எங்கோ ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை இருக்கிறது என்பதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

இறப்பரும் அப்படித்தான். 1952இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாடு இது. அன்று போனது பால் உறைந்த தாள் மட்டும். இன்று போவது கையுறைகளும், பாரந்தூக்கி வண்டிகளில் போடும் திண்ம டயர்களும். திண்ம டயரில் உலகின் முன்னணி உற்பத்தி மையங்களில் இலங்கையும் ஒன்று. களஞ்சியங்களில் ஓடும் அந்த வண்டிகளை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், கடைத்தெருவில் அந்த டயரைப் பார்க்கவும் முடியாது. ஆனால் இதிலும் முழுமை இல்லை. டயருக்குக் கறுப்பு நிறமும் வலிமையும் தரும் கார்பன் பிளாக் எண்ணெய்க் கழிவில் இருந்து வருவது, அது இறக்குமதி. இப்போது இறப்பரையே இறக்குமதி செய்கிறோம், ஏனென்றால் தொழிற்சாலைகளின் தேவை தோட்டங்களின் விளைச்சலைத் தாண்டிவிட்டது. 2019இல் இருந்து பரவிய இலை உதிர்வு நோய் விளைச்சலை இன்னும் கீழே தள்ளியது. தொழிற்சாலை வளர்ந்தும் தோட்டம் வளரவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் புல்மோட்டை. திருகோணமலைக்கு வடக்கே அந்தக் கடற்கரை மணலில் இல்மனைட் என்ற கனிமம் நிறைய இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அதைத் தோண்டி, பிரித்து, பெரும்பாலும் அப்படியே ஏற்றுமதி செய்கிறோம். இல்மனைட்டில் இருந்து எடுப்பது தைத்தேனியம் டையொக்சைட். வெள்ளைச் சுவர்ப் பெயின்டின் வெண்மை அதுதான். பற்பசையிலும் பிளாஸ்டிக்கிலும் காகிதத்திலும்கூட அது சேர்கிறது. கொழும்பில் தீபாவளிக்குச் சுவருக்குப் பூசும் வெள்ளையில் இருப்பது நாம் பணம் கொடுத்து இறக்குமதி செய்த தைத்தேனியம். இங்கேயே செய்யலாமே என்று உடனே கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பதில் சுலபமில்லை. அதற்கு ஏராளமான கந்தக அமிலமோ குளோரினோ வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும், அமிலக் கழிவைக் கடலில் கொட்டாமல் கையாள வழி வேண்டும். உள்நாட்டுச் சந்தை மட்டும் போதாது, முதல் நாளில் இருந்தே ஏற்றுமதி செய்தாக வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் ஆலை. வெறும் மணல் இருந்தால் போதாது.

இனி உங்கள் புறக்கோட்டைக்கு வருவோம். கடைத் தட்டில் இருப்பது இறக்குமதி என்பது உண்மை. ஆனால் அந்தக் கடைகளின் வாடிக்கையாளர்கள் யார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும் போல்ட், பெயாரிங், வெல்டிங் கூர், செப்புக் குழாய் வாங்குபவர்களில் வீட்டுக்கு வாங்குபவர்கள் குறைவு. தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து வந்திருப்பார், அரிசி ஆலையில் இருந்து வந்திருப்பார், பேக்கரியில் அடுப்பு நின்றுபோய் ஓடி வந்திருப்பார். நாட்டாமிமார் இழுத்துப் போகும் கைவண்டிகளில் இருக்கும் பெட்டிகள் நாளைக் காலை எங்கோ ஒரு மெஷினை மறுபடி ஓடவைக்கும். ஐந்து ரூபாய்ச் சாமான் ஒன்று கிடைக்காமல் தொழிற்சாலை ஒரு ஷிஃப்ட் முழுவதும் நிற்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

பஞ்சிகாவத்தையில் இன்னும் நுட்பமான வேலை நடக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் பஸ்களையும் முச்சக்கரவண்டிகளையும் ஓடவைத்தது பழைய உதிரிப்பாகங்களும் லேத் பட்டறைகளும்தான். கிடைக்காத ஒரு புஷ்ஷைத் தேய்ந்துபோன மாதிரியைப் பார்த்து அளந்து, கடைந்து, பொருத்திக் கொடுக்கும் பாஸ்மார் அங்கே இருக்கிறார்கள். அதுவும் உற்பத்திதான். எந்தப் புள்ளிவிவரத்திலும் அது பழுதுபார்ப்பு என்றே பதிவாகும். ஒரு நாட்டில் உலோக வேலை வளர வேண்டுமென்றால் இந்தப் பட்டறைகளில் இருந்துதான் வளர முடியும் என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்கு நல்ல அளவீட்டுக் கருவிகளும், பெயர் தெரிந்த தரமான உருக்கும், கட்டுப்படியாகும் கடனும் கிடைத்தால் போதும்.

அப்படியானால் இறக்குமதியைத் தடுத்தால் இங்கே தொழில் வளருமா? இந்தக் கேள்வி கூடவே வரும் என்று தெரியும். வளரலாம், ஆனால் எதைத் தடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முடிந்த பொருளுக்குத் தீர்வை போடுவது ஒன்று, மூலப்பொருளையும் உதிரிப்பாகத்தையும் சேர்த்து நிறுத்துவது வேறொன்று. இரண்டாவதைச் செய்தால் முதலில் மூடுவது உள்ளூர்த் தொழிற்சாலைதான். இறக்குமதியும் ஏற்றுமதியும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு நம் கூரைகளே சாட்சி. கொழும்பில் எத்தனையோ வீடுகளின் கூரை அஸ்பெஸ்டஸ் தகடு. அதற்கான நார் ரஷ்யாவில் இருந்து வருகிறது. நுரையீரலுக்குக் கேடு என்பதால் 2018 ஜனவரியில் இருந்து அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவர அரசு திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில், ஒரு பொதியில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா நம் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டது. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு கைவிடப்பட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. தேயிலை விற்பவரின் வயிறும் அந்தக் கூரையின் கீழ் மூச்சுவிடுபவரின் நெஞ்சும் ஒரே பேரத்தில் மாட்டிக்கொண்டன. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

இனி வேலையைப் பற்றி. முட்டாள்தனம் இல்லை, ஆனால் எந்தப் படியில் ஏறுவது என்று யோசித்து ஏறுங்கள். பலரும் ‘உற்பத்தித் துறை’ என்றதும் தையல் மெஷினையோ ஏற்றுமதி அலுவலகத்தையோ நினைக்கிறார்கள். ஆட்கள் கிடைக்காமல் தவிப்பது நடுவில்தான்: பிளாஸ்டிக்குக்கும் இறப்பருக்கும் மோல்ட் செய்பவர், சாய அறையில் நிறம் தவறாமல் பார்ப்பவர், மூலப்பொருளின் தரத்தைச் சோதிப்பவர், மெஷினைத் திறந்து மறுபடி மூடத் தெரிந்தவர். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் துணி, ஆடைப் பொறியியலும் பொருள் விஞ்ஞானமும் இரசாயனப் பொறியியலும் இருக்கின்றன. ஆனால் அதற்குக் கணிதப் பிரிவு வேண்டும். மொரட்டுவையிலேயே இருக்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் கையில் கருவி பிடித்துப் படிக்கலாம். வணிகப் பிரிவில் படிக்கும் உங்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது: கொள்வனவு. எந்த மூலப்பொருளை எங்கே, எப்போது, எந்த நாணயத்தில், எவ்வளவு கையிருப்போடு வாங்குவது என்ற முடிவு தொழிற்சாலையின் உயிர்நாடி. அதைக் கணக்குத் தெரிந்த, பொருளையும் தெரிந்த ஒருவர்தான் எடுக்க முடியும். அப்படிப்பட்டவர்கள் இங்கே மிகக் குறைவு.

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை உள்ள மாதங்களில் இரத்மலானையிலோ ஏக்கலயிலோ ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு இடம் கிடைத்தால், கணக்குப் பிரிவு மேசையை விட்டுவிட்டு மூலப்பொருள் களஞ்சியத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள். வரும் ஒவ்வொரு மூட்டையிலும் பீப்பாயிலும் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது, அது தீர்ந்தால் எத்தனை நாளில் எந்த மெஷின் நிற்கும் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். களஞ்சியப் பொறுப்பாளரிடம் தயங்காமல் கேட்கலாம். அந்த வேலையில் இருப்பவர்களிடம் பொதுவாக யாரும் எதுவும் கேட்பதில்லை, அதனால் ஆசையோடு சொல்லிக் கொடுப்பார்கள்.